டுரான் டுரானின் புது வரவுகள் நான்கு: எதில் தொடங்கலாம்?

டுரான் டுரான் என்ற இங்கிலாந்து பாப் குழுவின் 'ரியோ' ஆல்பத்தை வரிக்கு வரி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், 'ஆர்டினரி வேர்ல்ட்' ஒன்றோடு நின்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள், சிகிரியாவையும் பொலன்னறுவை இடிபாடுகளையும் ஒரு பாப் பாட்டின் வீடியோவில் பார்த்து இந்தக் குழுவுக்குள் வந்தவர்களும் இருக்கிறார்கள் (1982-இல் இயக்குநர் ரஸ்ஸல் மல்கேஹி இலங்கைக்குப் போய் எடுத்த 'சேவ் எ பிரேயர்' அது). எல்லோரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். 2021 முதல் டுரான் டுரான் பக்கமிருந்து நான்கு பெரிய வரவுகள் வந்துவிட்டன, இரண்டு குழுவாகச் செய்தவை, இரண்டு உறுப்பினர்கள் தனியாகச் செய்தவை. எதை முதலில் கேட்பது, எதற்குக் காசு கொடுத்து சிடியோ வினைலோ வாங்குவது?

நான்கையும் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நான்கும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன. தவறான ஒன்றில் தொடங்கினால் "இவர்கள் இப்போது இப்படி ஆகிவிட்டார்களா" என்று மூடி வைத்துவிடும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும், ஏனென்றால் என் முதல் அளவுகோலே அதிலிருந்துதான் வருகிறது.

1978-இல் பர்மிங்காமில் நிக் ரோட்ஸும் ஜான் டெய்லரும் இந்தக் குழுவைத் தொடங்கியபோது அவர்கள் மனதில் இருந்தது பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் முரட்டுத்தனமும் அமெரிக்க டிஸ்கோ குழுவான ஷிக்கின் நடனத் தாளமும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பது. 1980-இல் சைமன் லெ பான் பாட வந்ததும் ஐவர் அணி அமைந்தது. ஒரு பக்கம் நிக்கின் சிந்தசைசர், மறுபக்கம் ஆண்டி டெய்லரின் ராக் கிட்டார், நடுவில் இரண்டையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் ஜானின் பேஸ் கிட்டாரும் ரோஜர் டெய்லரின் டிரம்ஸும். (மூன்று டெய்லர்களும் ஒருவருக்கொருவர் உறவில்லை.) அந்தக் குழுவின் நல்ல பாட்டு எதை எடுத்தாலும் சிந்தசைசரும் கிட்டாரும் இடத்துக்காக மல்லுக்கட்டுவதைக் கேட்கலாம், அந்த மல்லுக்கட்டுதான் எனக்கு டுரான் டுரான்.

1985-இல் அந்த இழுபறி கண்ணுக்குத் தெரியும்படி இரண்டாகவே பிரிந்தது. ஆண்டியும் ஜானும் ராபர்ட் பால்மரைப் பாடவைத்து, ஷிக்கின் டிரம்மர் டோனி தாம்ப்சனையும் சேர்த்துக்கொண்டு, பவர் ஸ்டேஷன் என்ற முறுக்கான ராக் குழுவைத் தொடங்கினார்கள். சைமனும் நிக்கும் ரோஜரும் ஆர்க்கேடியா என்ற பெயரில் மங்கலான, கனவு மாதிரியான ஓர் ஆல்பம் போட்டார்கள். 1986-இல் ஆண்டி விலகினார், 2001-இல் திரும்பினார், 2006-இல் மறுபடியும் போனார். இந்தப் பிளவை மனதில் வைத்துக்கொண்டு புது வரவுகள் நான்கையும் பாருங்கள், எது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

ஆகவே நான் பார்ப்பவை இவை. அந்தச் சிந்தசைசர் – கிட்டார் இழுபறி இதில் இருக்கிறதா? சைமனின் குரல் இருக்கிறதா, ஏனென்றால் பலருக்கு அந்தக் குரல்தான் குழு. உண்மையிலேயே புதிய பாட்டு எத்தனை? எவ்வளவு நேரமும் பொறுமையும் கேட்கிறது? அப்புறம், ஒரே ஆல்பத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்க வைக்கிறதா?

| வரவு | வெளிவந்தது | யாருடையது | பாடல்கள் | சைமன் குரல் |
|---|---|---|---|---|
| ஃப்யூச்சர் பாஸ்ட் | அக்டோபர் 2021 | குழு | 12 | உண்டு |
| டான்ஸ் மகாப்ர் | அக்டோபர் 2023 | குழு, பழைய கிட்டாரிஸ்டுகளோடு | 13 | உண்டு |
| மேன்ஸ் எ உல்ஃப் டு மேன் | செப்டம்பர் 2023 | ஆண்டி டெய்லர் | ஒரே ஆல்பம் | இல்லை |
| அஸ்ட்ரோனோமியா | 2021 முழுக்க | நிக் ரோட்ஸ், வெண்டி பெவன் | 4 ஆல்பங்களில் 52 | இல்லை |

## ஃப்யூச்சர் பாஸ்ட்

முழுக்கப் புதிய பாட்டுகள், முழுக்க சைமன் குரல், இங்கிலாந்துப் பட்டியலில் மூன்றாம் இடம். காகிதத்தில் பார்த்தால் இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று தோன்றும், கேட்டாலும் அப்படியே.

ஆண்டி இதில் இல்லை. அந்த இடத்துக்கு அவர்கள் அழைத்தது ப்ளர் குழுவின் கிரஹாம் காக்ஸனை. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. காக்ஸன் ஆண்டியைப் போல வாசிக்க முயலவே இல்லை, அவருடைய கிட்டார் கோணல்மாணலாக, அங்கங்கே கீறிக்கொண்டு போகிறது, ஆனால் நிக்கின் பளபளப்பான சிந்தசைசருக்கு எதிரே ஒரு மனிதர் நின்று முறுக்குகிறார் என்ற உணர்வு திரும்பி வந்துவிட்டது. முதல் பாட்டான 'இன்விசிபிள்' கேளுங்கள். ரோஜரின் டிரம்ஸ் கனமாக, கொஞ்சம் சிதைந்த ஒலியில் இறங்குகிறது, அதன்மேல் ஜானின் பேஸ் நடக்கிறது, சைமன் உள்ளே வருவதற்குள்ளேயே இது யார் குழு என்று தெரிந்துவிடுகிறது. நாற்பது வருடத்துக்கு முன்பே சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய இரண்டு பேரால்தான் இப்படி ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிக்க முடியும்.

தயாரிப்பு பெரும்பாலும் லண்டன் டிஜே எரோல் ஆல்கன். இரண்டு பாட்டில் ஜார்ஜியோ மொரோடர் சேர்ந்திருக்கிறார், 'பியூட்டிஃபுல் லைஸ்', 'டுநைட் யுனைடெட்'. மொரோடர் என்றால் டோனா சம்மரோடு எழுபதுகளில் இயந்திரத் தாளத்தை நடன மேடைக்குக் கொண்டுவந்த மனிதர், இவர்கள் சிறுவர்களாக அண்ணாந்து பார்த்தவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவரோடு முதன்முறையாக உட்கார்ந்து செய்த பாட்டுகள் என்று தெரிந்து கேட்கும்போது அந்த உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. கடைசிப் பாட்டு 'ஃபாலிங்'கில் டேவிட் போவியோடு வாசித்த மைக் கார்ஸன் பியானோவில் இருக்கிறார், ஆல்பம் முடிகிற விதத்துக்காகவே அதைக் கடைசி வரை கேட்க வேண்டும்.

குறை என்று சொன்னால் விருந்தாளிகள். ஸ்வீடனின் டோவ் லோ பாடும் பாட்டு இயல்பாக ஒட்டுகிறது. லண்டன் ராப் பாடகி ஐவோரியன் டாலும் ஜப்பானின் சாய் குழுவும் வருகிற இரண்டு பாட்டுகளும் ஆல்பத்தின் பின்பகுதியில் அடுத்தடுத்து வருகின்றன. பாட்டு மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுவரை கட்டி எழுப்பிய மனநிலை அந்த இடத்தில் கலைகிறது. முதல் தடவை கேட்பவர்கள் அங்கே அலுத்துப்போய் நிறுத்தினால் 'ஃபாலிங்' கைநழுவிவிடும்.

மறைந்திருக்கும் செலவு: 12 பாட்டுப் பதிப்புக்கு மேல் மூன்று பாட்டு கூடுதலாக வைத்த டீலக்ஸ் பதிப்பும் உண்டு, 2022-இல் போவியின் 'ஃபைவ் இயர்ஸ்' எல்லாம் சேர்த்து இன்னும் பெரிய ஒரு பதிப்பும் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தட்டு வாங்குபவர் மட்டும் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் 12 பாட்டு போதும்.

## டான்ஸ் மகாப்ர்

இதைப் பற்றித்தான் அதிகம் குழப்பம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2022 ஹாலோவீன் இரவில் லாஸ் வேகாஸில் ஒரு கச்சேரி செய்தார்கள், பேய், இருள், முகமூடி என்று முழுக்க அந்த நாளுக்கான பாட்டுகள். அதிலிருந்து கிளம்பியதுதான் இந்த ஆல்பம். பெயரையும் அட்டையையும் பார்த்துவிட்டு "ஹாலோவீனுக்காகப் போட்ட விளையாட்டு ஆல்பம்" என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. நான் அதை ஏற்கவில்லை, காரணங்கள் கீழே.

முதலில் கணக்கு. பதின்மூன்று பாட்டில் முழுக்கப் புதியவை மூன்றுதான்: 'பிளாக் மூன்லைட்', தலைப்புப் பாட்டு, கடைசியில் வரும் 'கன்ஃபெஷன் இன் தி ஆஃப்டர்லைஃப்'. மூன்று தங்கள் சொந்தப் பழைய பாட்டுகளின் மறுவார்ப்பு: 1981 முதல் ஆல்பத்தின் 'நைட்போட்', 1983-இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் ஒளிந்திருந்த 'சீக்ரெட் அக்டோபர்', 1993 ஆல்பத்தின் 'லவ் வூடூ'. ஆறு பிறருடைய பாட்டுகள். இன்னொன்று ரிக் ஜேம்ஸின் பாட்டையும் தங்கள் பாட்டையும் ஒன்றாகப் பின்னியது. ஆகவே "புதிய பாட்டு எத்தனை" என்ற அளவுகோலில் இது ஃப்யூச்சர் பாஸ்டிடம் தோற்கிறது, அதில் விவாதமே இல்லை.

ஆனால் அந்த இழுபறி அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆண்டி டெய்லர் திரும்பி வந்து வாசித்திருக்கிறார். 'ஆர்டினரி வேர்ல்ட்' காலத்துக் கிட்டாரிஸ்ட் வாரன் குகுருல்லோவும் வந்திருக்கிறார். 'தி ரிஃப்ளெக்ஸ்' பாட்டை 1984-இல் ரீமிக்ஸ் செய்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குக் கொண்டுபோன ஷிக்கின் நைல் ராட்ஜர்ஸும் இருக்கிறார். 'பிளாக் மூன்லைட்'டில் நைலும் ஆண்டியும் ஒரே பாட்டில். 1978-இல் ஆசைப்பட்டது, முரட்டுக் கிட்டாரும் ஷிக்கின் தாளமும், அசல் ஆட்களோடு அப்படியே நடந்திருக்கிறது. முதல் தடவை அந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதற்குப் பின்னால் ஒரு கனமான விஷயமும் இருக்கிறது. 2022 நவம்பரில் ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது ஆண்டியால் மேடைக்கு வர முடியவில்லை. அவர் எழுதிய கடிதத்தைச் சைமன் வாசித்தார், நாலு வருடத்துக்கு முன்பே தனக்கு நான்காம் நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. அதற்கு அடுத்த வருடம் அதே மனிதரின் கிட்டார் இந்த ஆல்பத்தில் ஒலிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஹாலோவீன் முகமூடிக்குள் இருக்கும் மரண பயமும் நட்பும் வேறு மாதிரி காதில் விழும்.

பிறர் பாட்டுகளில் எல்லாமே தேறவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் 'பெயின்ட் இட் பிளாக்' ஏற்கெனவே பல பேர் பாடிவிட்டது, இவர்கள் அதில் புதிதாகச் சேர்த்தது குறைவு. பில்லி ஐலிஷின் பாட்டை எடுத்தது தைரியம், நிக்கின் ஒலிகள் அதற்குப் பொருந்தவும் செய்கின்றன. எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுன்'. ஸ்பெஷல்ஸ் கவன்ட்ரிக்காரர்கள், பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊர். அந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்த 1981 கோடையில்தான் டுரான் டுரானின் முதல் ஆல்பமும் வெளியானது, இங்கிலாந்து நகரங்களில் கலவரம் நடந்துகொண்டிருந்த கோடை அது. ஒரே வட்டாரம், ஒரே வேலையில்லாக் காலம், ஒரு குழு அதை நேராகப் பார்த்துப் பாடியது, இன்னொரு குழு அதிலிருந்து தப்பிக்கப் படகையும் கடலையும் கனவு கண்டது. நாற்பது வருடம் கழித்து இவர்கள் அந்தப் பாட்டைக் கையில் எடுத்திருப்பதை வெறும் பேய்ப் பாட்டுத் தேர்வாக என்னால் பார்க்க முடியவில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். 2023 அக்டோபரில் ஆல்பம், 2024 அக்டோபரில் மூன்று பாட்டு சேர்த்து 'டி லக்ஸ்' பதிப்பு. முதல் வருடமே வாங்கியவர்கள் அந்த மூன்று பாட்டுக்காக மறுபடி முழு ஆல்பத்தையும் வாங்க வேண்டிய நிலை. கூடுதலாக வந்ததில் எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவின் 'ஈவில் வுமன்' இருக்கிறது, அதுவும் பர்மிங்காம் குழுதான். இப்போது புதிதாக வாங்குபவர் நேராக டி லக்ஸுக்குப் போய்விடலாம், ஏற்கெனவே பழைய பதிப்பு வைத்திருப்பவர் அந்த மூன்றை மட்டும் ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதும்.

## மேன்ஸ் எ உல்ஃப் டு மேன்

ஆண்டியின் தனி ஆல்பம், முப்பது வருடத்துக்கும் மேலாகக் கழித்து வந்தது. 1987-இல் செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸோடு சேர்ந்து 'தண்டர்' போட்டார், 1990-இல் பிறர் பாட்டுகளை வைத்து 'டேஞ்சரஸ்' போட்டார், அதற்குப் பிறகு தனி ஆல்பமாக இதுதான்.

இது ராக் ஆல்பம். கிட்டார் முன்னால் நிற்கிறது, அவரே பாடுகிறார், ஆஸ்திரேலியப் பாடகி டீனா அரீனாவோடு ஒரு பாட்டு இருக்கிறது. சிந்தசைசர் அலைகளையும் சைமன் மேல் ஸ்தாயிக்கு ஏறுவதையும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான், அந்த எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். ஆண்டியின் குரல் கரகரப்பானது, அழகு என்று சொல்லமாட்டேன், ஆனால் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்து கேட்கும்போது ஒவ்வொரு வரியையும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டு பாடுவது நெஞ்சைத் தொடுகிறது.

யாருக்கு இது சரி? பவர் ஸ்டேஷன் பிடித்தவர்களுக்கு, யோசிக்கவே வேண்டாம். 'ரியோ' கேட்கும்போது காது தானாகக் கிட்டார் பக்கம் போகிறவர்களுக்கு. கிட்டார் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் சொல்வேன், ஒரு பாப் குழுவுக்குள் இவ்வளவு காலம் கட்டுப்பட்டு வாசித்த கை, கட்டு இல்லாமல் விட்டால் என்ன செய்கிறது என்று கேட்கலாம். குழுவை முதல்முறையாகக் கேட்கப் போகிறவருக்கு இதைத் தரவே மாட்டேன்.

## அஸ்ட்ரோனோமியா

நிக் ரோட்ஸும் வயலின் வாசித்துப் பாடும் வெண்டி பெவனும் சேர்ந்து 2021-இல் செய்தது. ஒரே வருடத்தில் நான்கு ஆல்பங்கள், ஒவ்வொன்றிலும் 13 துண்டுகள், மொத்தம் 52. பகலும் இரவும் சமமாகும் நாட்களிலும் சூரியன் திசை திரும்பும் நாட்களிலும் ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள், நான்கின் பெயர்களும் வானத்திலிருந்து எடுத்தவை: சனி, லைரா, அல்கோல், ஜெமினி.

பாட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். மெல்லப் பரவும் சிந்தசைசர், அதன்மேல் வயலின், எங்கோ தொலைவில் குரல். ஜானும் ரோஜரும் இல்லாததால் கால் தட்ட ஒன்றும் இல்லை. ஆர்க்கேடியா பிடித்தவர்களுக்கும், சினிமாப் பின்னணி இசையைத் தனியாக உட்கார்ந்து கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது புதையல். மற்றவர்களுக்கு மூன்றாவது துண்டிலேயே கவனம் நழுவும்.

இங்கே செலவு பணத்தில் இல்லை, நேரத்தில். 52 துண்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. முதல் ஆல்பமான 'தி ஃபால் ஆஃப் சாட்டர்ன்' மட்டும், இரவில், ஹெட்போனில் கேளுங்கள். பிடித்தால் மீதி மூன்றும் அங்கேயே இருக்கின்றன. பிடிக்காவிட்டால் அடுத்த மூன்றும் உங்கள் மனதை மாற்றாது, நான்கும் ஒரே காற்றில்தான் மிதக்கின்றன.

## சரி, நீங்கள் யார்?

குழுவை இதுவரை கேட்டதே இல்லை என்றால் நான்கையும் விட்டுவிட்டு 1982 'ரியோ'விலிருந்து வாருங்கள். புதியவை எதனுடைய தொடர்ச்சி என்று தெரியாமல் கேட்டால் பாதி சுவை போய்விடும்.

பழைய பாட்டுகள் தெரியும், இடையில் வருடக்கணக்காகத் தொடர்பு விட்டுப்போயிற்று, ஒன்றே ஒன்றுக்குத்தான் இடமும் காசும் என்றால் ஃப்யூச்சர் பாஸ்ட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அறுபதைத் தொட்ட நால்வர் தங்கள் பழைய வெற்றியை நகலெடுக்காமல் புதிய பாட்டு எழுதியிருக்கிறார்கள், அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குழுவின் கதையே தெரிந்தவர், யார் எப்போது போனார் எப்போது வந்தார் என்று சொல்லத் தெரிந்தவர் என்றால் முதலில் டான்ஸ் மகாப்ர். அதில் உள்ள ஒவ்வொரு வருகையின் கனமும் உங்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். அதை முடித்த கையோடு ஆண்டியின் ஆல்பத்துக்குப் போங்கள். ஒன்றரை மாத இடைவெளியில் வெளியான இரண்டு ஆல்பங்கள், ஒரே கிட்டாரிஸ்ட், ஒன்றில் நண்பர்களோடு, ஒன்றில் தனியாக. அடுத்தடுத்துக் கேட்கும்போது சிந்தசைசருக்கு எதிரே நிற்கும்போதுதான் அவர் கிட்டார் மிகவும் கூர்மையாகிறது என்று எனக்குப் பட்டது. உங்களுக்கு நேர்மாறாகவும் தோன்றலாம், ராக் பிடித்த நண்பர்கள் பலருக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

வேலை செய்யும்போது பின்னணியில் ஓட ஏதாவது வேண்டும் என்றால் அஸ்ட்ரோனோமியா, மற்ற மூன்றும் அதற்கு உதவாது.

பிள்ளைகளோடு காரில் கேட்க ஒன்று வேண்டும் என்றாலும் டான்ஸ் மகாப்ர் எடுங்கள். பில்லி ஐலிஷ் பாட்டும், இத்தாலியின் மோனஸ்கின் ராக் குழுவின் விக்டோரியா டி ஏஞ்சலிஸ் பேஸ் வாசிக்கும் 'சைக்கோ கில்லர்' பாட்டும் அவர்களை உள்ளே இழுக்கும், அப்புறம் 'நைட்போட்' யாருடையது என்று அவர்களே கேட்பார்கள்.

வாங்குவது பற்றிக் கடைசியாக. முதலில் முழு ஆல்பத்தையும் ஸ்ட்ரீமிங்கில் இரண்டு முறையாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வினைலை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டின் விலையோடு தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து எதிர்பாராத தொகையில் போய் நிற்கும், வழியில் அட்டை மடங்கி வந்தால் திருப்பி அனுப்புவதும் சுலபமில்லை. தட்டாக வைத்துக்கொள்ளத் தகுதியானது என்று நான் சொல்வது குழுவின் இரண்டு ஆல்பங்களை. ஆண்டியின் ஆல்பத்துக்குச் சிடி போதும், அவர் கிட்டார் அதிலும் அதே முறுக்கோடுதான் இருக்கிறது. டான்ஸ் மகாப்ர் தேடும்போது 2023, 2024 பதிப்புகள் இரண்டும் கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், அட்டையை மட்டும் பார்த்து எடுத்துவிடாமல் பாட்டுப் பட்டியலில் 'ஈவில் வுமன்' இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதுதான் டி லக்ஸ்.